சாயவேரும் சவர்க்காரமும்

ஹைதராபாத் நகரின் கடைவீதிகளில் கையினால் செய்த சோப்புக் கட்டிகள் இப்பொழுது விற்பனைக்கு வருகின்றன. மஞ்சள் சேர்த்தது, அவுரி சேர்த்தது, மஞ்சிட்டி சேர்த்தது என்று மேலுறையில் எழுதியிருப்பதைக் கண்டு, இங்கு வாழும் தமிழராகிய நாமும் விரும்பி வாங்குகிறோம். செடியின் நிறத்தைச் சவர்க்காரத்தில் ஏற்றுவது புதுமையாகத் தோன்றலாம். ஆயின், நிறத்துக்கும் காரத்துக்கும் இடையே நிகழும் போராட்டம் இம்மண்ணுக்கு மிகப் பழையது. அப்போராட்டத்தில் தோலாத ஒரு சிவப்பு நிறம், கோல்கொண்டா அரசின் துறைமுகத்தை உலகறியச் செய்தது.

1591ஆம் ஆண்டில் முகம்மது குலி குதுப் ஷா இந்நகரை நிறுவிய காலத்தில், நாட்டின் கடல்வாயிலாக விளங்கியது மசூலிப்பட்டினம். வைரத்தின் புகழையே நாம் பெரிதும் கேட்டிருக்கிறோம். ஆனால் கப்பல்களை நிரப்பியது துணியேயாகும். 1618 முதல் 1622 வரை அத்துறைமுகத்தில் இருந்த வில்லியம் மெத்வோல்டு என்னும் ஆங்கிலேய வணிகர், அக்கரையில் எழுதுகோலால் தீட்டப்பெற்ற துணிகளைக் கண்டு வியந்தார். எத்தனை முறை வெளுத்தாலும், துணி கிழியுமட்டும் நிறம் மங்குவதில்லை என்றும், அதற்குக் காரணம் அந்நாட்டில் விளையும் ‘சாய்’ என்னும் செடியே என்றும் அவர் எழுதி வைத்தார்.

அச்செடி நமக்கு அயலானதன்று. நாம் சாயவேர் என்றும், சித்த மருத்துவர் இம்பூறல் என்றும் வழங்கும் சிறு பூண்டே அது. இராமேசுவரத்து மணலிலும், யாழ்ப்பாணம், மன்னார் ஆகிய கரைகளிலும், கிருஷ்ணை ஆற்றின் முகத்துவாரத்திலும் அது விளைந்தது. செடியோ சாண் உயரமும் இராது. வேரோ மணலில் ஆழ இறங்கியிருக்கும். நூல்போன்ற அவ்வேரின் பட்டையில் மட்டுமே சாயம் உண்டு. அறுந்து போகாமல் அதைத் தோண்டியெடுப்பது எளிய வேலையன்று. இலங்கையில் டச்சுக்காரர் அவ்வேரின் வாணிகத்தைத் தம் கைக்குள் அடக்கி வைத்திருந்தனர். வெயிலில் மணலைத் தோண்டிய கைகளுக்கு அதனால் விளைந்த நன்மை சொற்பமே எனலாம்.

வேர் மட்டும் இருந்தால் நிறம் நிற்காது. துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் தோய்த்து உலர்த்தி, சிவப்பு வேண்டிய இடங்களில் படிகார நீரால் எழுதி, பின்னர் வேர் இட்ட கொப்பரையில் காய்ச்சுவர். படிகாரம் பட்ட இடம் நிறத்தைப் பற்றிக்கொள்ளும். படாத இடத்துக் கறை, வெளுத்து வெயிலில் உலர்த்த நீங்கிவிடும். வெளுப்பு என்பது இங்கே தொழிலின் ஓர் அங்கமாகவே அமைந்தது. வெளுக்க வெளுக்கத் துலங்கும் இத்துணியின்மீது ஐரோப்பியர் கொண்ட மோகம், அவர்கள் நாட்டு நெசவாளரை நடுங்கச் செய்தது. பிரான்சு 1686இல் தடை விதித்தது. இங்கிலாந்து 1700இல் இறக்குமதியைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. 1721இல் உடுத்துவதையும் தடுத்தது. இதற்கிடையே 1687இல் கோல்கொண்டாக் கோட்டை ஔரங்கசீப்பிடம் வீழ்ந்தது.

இனி, சவர்க்காரத்தினுள் நிறங்கள் படும் பாட்டைக் காண்போம். எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பாகுங்கால், மென்மையான நிறங்கள் பல அழிந்துபோகின்றன. செம்பருத்தியின் செம்மையும் பீட்ரூட்டின் செம்மையும் பழுப்பாகிவிடும். மஞ்சளின் செய்கையை நம் வீட்டுப் பெண்டிர் நன்கறிவர். ஆரத்தி நீரில் சுண்ணாம்பு சேர்ந்தவுடன் மஞ்சள் சிவக்கிறதன்றோ? அதுவே சோப்பிலும் நிகழ்கிறது. வாரக்கணக்கில் கட்டி ஆறி, காரம் தணியத் தணிய, அச்சிவப்பு தணிந்து காவி மஞ்சளாகிறது. வெயில் பட்டாலோ வெளிறிவிடுகிறது. மசாலைக் கடைகளில் கிடைக்கும் ரத்தன்ஜோத் வேர் இன்னும் விந்தையானது. தேங்காயெண்ணெயில் இட்டால் நமது வேம்பாளம்பட்டையைப் போலவே செந்நிறம் தருவது, காரத்தில் பட்டதும் நீலமும் ஊதாவுமாக மாறிவிடும். மஞ்சிட்டியின் நிறமும் காரத்தில் ஊதாவை நோக்கிச் சாயும், எனினும் அழியாது. நீரில் கரையாத அவுரி நீலம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. சுருங்கச் சொன்னால், அக்காலத்துச் சாயக்காரர் துணிக்கென நம்பியவற்றுள் சிலவே இன்று கட்டியிலும் நிலைக்கின்றன.

இத்தொழிலைச் சாய்த்தது எந்தத் தடைச் சட்டமும் அன்று, ஆய்வுக்கூடமே. 1856இல் பெர்க்கின் என்னும் இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் கண்டார். சாயவேருக்கும் மஞ்சிட்டி இனத்துக்கும் நிறம் கொடுக்கும் அலிசரின் என்னும் பொருளை, 1868இல் ஜெர்மானிய அறிஞர் இருவர் செயற்கையாக ஆக்கினர். 1897இல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தது. வேர் தோண்டியவரும் அவுரி பயிரிட்டவரும் வேறு பிழைப்பைத் தேட வேண்டியதாயிற்று. அவுரியின் பெயரால் வங்கத்திலும் சம்பாரணிலும் உழவர் பட்ட துன்பத்தை எண்ணும்போது, பழைய சாயங்கள் மறைந்ததற்காக முழுமனத்துடன் வருந்தவும் நமக்கு இயலவில்லை.

மசூலிப்பட்டினத்தை அடுத்த பெடனாவில் இன்றும் கலம்காரி அச்சுத் துணிகள் ஆகின்றன. அங்கும் கடுக்காயும் படிகாரமும் வழக்கிலிருக்க, பல பட்டறைகளில் சிவப்பு மட்டும் ஆலையில் செய்த அலிசரினால் ஏறுகிறது. ஹைதராபாத்தில் சோப்புக்கு நிறம் தேடுவோருக்கும் மஞ்சிட்டி கிடைக்கிறது. சாயவேர் கிடைப்பது அரிது. தமிழ்நாட்டு நாட்டு மருந்துக் கடைகளில் இம்பூறல் என்று கேட்டால் எடுத்துத் தருவர், இருமலுக்கு மருந்தாக.