கண்ணாடிக் கடலைத் தாங்குவது எது?

வண்ண மீன்கள் நீந்தும் கடல்நீர்த் தொட்டி ஒன்றைக் காணும்போது உங்கள் கண் எங்கே செல்லும்? மீன்களிடம் செல்லும், பவளங்களிடம் செல்லும். தொட்டி எதன்மேல் நிற்கிறது என்று குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே. ஆனால் அடியில் இருக்கும் மரத்தாங்கி தளர்ந்துவிட்டால் மீனும் இல்லை, பவளமும் இல்லை. இவ்வளவு பெரிய பொறுப்பு அந்த மரத்துக்கு எப்போது வந்தது? அதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு.

முதலில் ஒரு கணக்கு

180 செ.மீ. நீளமும், 60 செ.மீ. அகலமும், 60 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். அது 648 லிட்டர் கொள்ளும். கடல்நீர் நன்னீரைவிடச் சற்று அடர்ந்தது. ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.025 கிலோகிராம் இருக்கும். ஆகவே நீரின் எடை மட்டும் 664 கிலோகிராம். கண்ணாடி, மணல், பாறை ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்தம் ஒரு டன்னை நெருங்கிவிடும்.

நீர் கீழ்நோக்கி மட்டுமா அழுத்துகிறது? பக்கங்களையும் தள்ளுகிறது. ஆழம் கூடக்கூட அழுத்தமும் கூடும் என்பதை சைமன் ஸ்டெவின் 1586-ல் விளக்கினார். அதன்படி கணக்கிட்டால், நம் தொட்டியின் முன்பக்கக் கண்ணாடியை வெளியே தள்ளும் விசை சுமார் 330 கிலோகிராம் எடைக்குச் சமம். ஆக, இங்கே இரண்டு வேலைகள் உள்ளன. ஒன்று, பெட்டி பிளவாமல் பக்கங்களைப் பிடித்து வைப்பது. மற்றொன்று, எடையைச் சுமப்பது.

ஜாடியிலிருந்து தொட்டிக்கு

1832-ஆம் ஆண்டில், சிசிலித் தீவின் மெசினா நகரில் வாழ்ந்த பிரெஞ்சுப் பெண்மணி ழான் வில்ப்ரே-பவர், கடல் உயிர்களை ஆராயக் கண்ணாடித் தொட்டிகளைச் செய்தார். 1846-ல் அன்னா தின் என்ற ஆங்கிலப் பெண்மணி பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். நீரில் காற்றுக் கலப்பதற்காக, அவர் வீட்டுப் பணிப்பெண் திறந்த சன்னலருகே நின்று, கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு நாள்தோறும் ஊற்றிக்கொண்டிருந்தாளாம்! 1850-ல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார், நீர்த்தாவரம், மீன், நத்தை மூன்றையும் ஒரே தொட்டியில் சமநிலையில் வாழவைக்கலாம் என்று காட்டினார்.

இதற்கிடையே, 1845-ல் பிரிட்டன் கண்ணாடி மீதான வரியை நீக்கியது, கண்ணாடி மலிந்தது. 1853-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டே பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் வெளிவந்து, கடலை வீட்டுக்குள் வைக்கும் ஆசையைப் பரப்பியது. ஜாடி போய்த் தொட்டி வந்தது. அதனோடு எடையும் வந்தது.

சட்டம் சுமந்த காலம்

அக்காலத்துப் பெரிய தொட்டிகளுக்கு அடிப்பகுதியாக ஸ்லேட்டுக் கல்லையும், மூலைகளுக்கு இரும்புச் சட்டத்தையும் வைத்தார்கள். கண்ணாடியைப் புட்டி கொண்டு சட்டத்தில் பதித்தார்கள். பக்கத்தள்ளலைத் தாங்கியதும், எடையைப் பெற்றுக் கீழே அனுப்பியதும் சட்டமே. அதன் கீழ் உறுதியான மேசை ஒன்று இருந்தால் போதும்.

ஆனால் உப்புநீர் இரும்பை விட்டுவைக்குமா? சட்டம் துருப்பிடித்தது. ஈயம் கலந்த புட்டி நீரில் பட்டால் உயிர்களுக்கு நஞ்சு. இதனால் கடல்நீர்த் தொட்டி நெடுங்காலம் தொல்லை நிறைந்ததாகவே இருந்தது.

1960-களில் சிலிக்கோன் பசை இந்நிலையை மாற்றியது. அது உப்புக்கு அஞ்சாது. கண்ணாடியோடு கண்ணாடியை நேரே ஒட்டும். சட்டம் தேவையற்றதாயிற்று. சட்டம் போனாலும் அதன் வேலைகள் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். பக்கங்களைப் பிடிக்கும் வேலை பசைக்கு வந்தது; அடிக்கண்ணாடியைச் சமமாகத் தாங்கும் வேலை மரத்தாங்கிக்கு வந்தது. தாங்கியின் ஒரு மூலை சற்றே தாழ்ந்தாலும் தொட்டி முறுக்கப்படும்; கண்ணாடியோ வளைந்து கொடுக்காது. அடிக்கண்ணாடி நேரே பலகையில் அமரும் தொட்டிகளுக்கு அடியில் தெர்மோகோல் தகடு விரிப்பதும், ரசமட்டம் வைத்துப் பார்ப்பதும் இதனால்தான்.

கலிலியோ தரும் பாடம்

1980-களில் வடிகட்டும் தொட்டியைத் தாங்கியின் உள்ளேயே மறைத்து வைக்கும் வழக்கம் பரவியது. அதற்கு இடம் வேண்டி நடுக்கால்களை நீக்கினார்கள். முன்பக்க மேல்கட்டை தாங்குதலின்றி நீண்டது.

இங்கே கலிலியோ துணைக்கு வருகிறார். கட்டையின் வலிமை அதன் அகலத்துக்கு நேர்விகிதத்திலும், உயரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் மாறும் என்று 1638-ல் வெளிவந்த நூலில் அவர் கூறினார். 5 செ.மீ.க்கு 10 செ.மீ. கட்டையைப் படுக்கையாக வைப்பதைவிடக் குத்தாக நிறுத்தினால் வலிமை இருமடங்கு. வளைவோ நான்கில் ஒரு பங்குதான். அதே மரம், அதே விலை!

மற்ற விதிகளும் எளியவை. மேல்கட்டை காலின் தலைமீதே அமர வேண்டும். காலின் பக்கத்தில் வைத்துத் திருகாணியால் மட்டும் முடுக்கினால், முழு எடையும் அந்தத் திருகாணிகளில் தொங்கும். உப்பு ஈரம் அவற்றை அரிக்கும். நான்கு கால் சட்டகம் பக்கவாட்டில் சாயக்கூடியது. பின்புறம் ஒட்டுப்பலகை ஒன்றை அறைந்தால் சாயாது. மரத்தின் எல்லா முகங்களுக்கும் வார்னிஷ் பூசுவது அவசியம்.

இறுதியாக, தாங்கியைத் தாங்குவது எது? வீட்டறைத் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோகிராம் கூடுதல் சுமைக்குக் கணக்கிடுவது வழக்கம். நம் தொட்டியின் நீர் மட்டுமே சதுர மீட்டருக்கு 615 கிலோகிராம். மாடியறை என்றால், முதலில் கட்டடப் பொறியாளரைக் கேளுங்கள்.

இனி ஒரு கடல்நீர்த் தொட்டியைக் கண்டால், மீன்களை ரசித்தபின் சற்றே குனிந்து பாருங்கள். எடை எந்தக் கட்டை வழியாக எந்தக் காலுக்குச் சென்று தரையை அடைகிறது என்று விரலால் தொடர்ந்து பாருங்கள். அந்த வழி எங்கேனும் ஒரு திருகாணியில் போய் முடிந்தால், அந்தத் தாங்கியைத் திருத்தியாக வேண்டும்.