எண்ணறிவு எல்லார்க்கும்: திண்ணைப்பள்ளி முதல் ‘எண்ணும் எழுத்தும்’ வரை

எல்லார்க்கும் ஒரே பாடத்தை ஒரே நேரத்தில் ஒரே முறையில் நடத்துவதே கல்வியில் சமநீதி என்று கருதுவோர் பலர். கணக்குப் பாடத்தில் இக்கருத்து விரைவில் பொய்த்துவிடும். கணக்கு படிப்படியாக ஏறிச் செல்லும் அறிவு. கூட்டலில் தடுமாறும் குழந்தைக்குப் பெருக்கல் விளங்காது. பின்னத்தின் பொருள் அறியாத மாணவனுக்கு விழுக்காடு வெறும் சடங்காகிவிடும். ஒரு படியில் தவறியவனை அங்கேயே விட்டுவிட்டு வகுப்பு மேலேறினால், அவன் ஆண்டுதோறும் பின்தங்கிக்கொண்டே போவான். அவ்வாறு பின்தங்குவோருள் பெரும்பாலோர் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாதவர்கள். தனிப்பயிற்சிக்குப் பொருள் வசதி அற்றவர்கள். ஆகவே, ஒவ்வொரு பிள்ளையின் நிலையறிந்து கணக்குக் கற்பித்தல் நீதியின்பாற்பட்ட செயலாகும். தமிழகத்தில் இம்முறைக்கு நெடிய வரலாறு உண்டு.

கணக்கு யாருக்கு உரியது?

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷனின் காலத்தில் வாழ்ந்த சமணப் பேரறிஞர் மகாவீராசாரியர், ‘கணித சார சங்கிரகம்’ என்னும் வடமொழி நூலை இயற்றினார். தென்னாட்டில் நெடுங்காலம் பயிலப்பட்ட இந்நூலைப் பதினோராம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனா தெலுங்கில் தந்தார். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மு. இரங்காசாரியரின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் இது சென்னையில் அச்சேறியது. நூலின் தொடக்கத்தில் ஆசிரியர் கணக்கின் பயனை விரித்துரைக்கிறார். பொருள்நூல், இசை, நாடகம், சமையல், மருத்துவம், கட்டடக்கலை ஆகிய அனைத்திற்கும் கணக்கு வேண்டும் என்கிறார். சமைப்பவருக்கும் கட்டுபவருக்கும் பாடுபவருக்கும் கணக்குத் தேவையென்றால், அது சிலர்க்கு மட்டும் உரிய கலையாக இருத்தல் இயலாது.

திண்ணைப்பள்ளியின் முறை

தமிழ்நாட்டுத் திண்ணைப்பள்ளிகளில் கணக்கு முதன்மையான இடம் பெற்றிருந்தது. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி ஆகிய மூன்றும் பிள்ளைகளின் அடிப்படைப் பாடங்கள். பொன்னிலக்கம் எண்களையும் பின்னங்களையும் கற்பித்தது. கால், அரைக்கால், வீசம், மா, காணி என இறங்கி, முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரி வரை பிள்ளைகள் மனப்பாடமாக அறிந்திருந்தனர். நெல்லிலக்கம் முகத்தலளவைகளைக் கற்பித்தது. எண்சுவடி பெருக்கல் வாய்பாடுகளின் தொகுப்பு. அதற்கும் மேலே செல்ல விரும்புவோர்க்குக் காரி நாயனாரின் ‘கணக்கதிகாரம்’ போன்ற நூல்கள் இருந்தன.

இப்பள்ளிகளில் இன்றுள்ளது போன்ற வகுப்புப் பிரிவு இல்லை. ஐந்து வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒரே திண்ணையில் அமர்ந்திருந்தனர். ஒருவன் மணலில் எண்ணெழுதப் பழகும்போதே மற்றொருவன் பின்னப் பெருக்கத்தை ஒப்பித்துக்கொண்டிருப்பான். ஒரு வாய்பாடு வசப்பட்ட பின்னரே அடுத்தது தொடங்கும். முன்னேறிய மாணவனாகிய சட்டாம்பிள்ளை, இளையோரின் பாடத்தைக் கேட்டுத் திருத்துவான். விரைந்து கற்பவன் விரைந்து சென்றான்; மெல்லக் கற்பவன் மெல்லச் சென்றான்.

எனினும் இதனைப் பொற்காலமாகப் புனைந்துரைத்தல் தகாது. பிரம்படி அங்கே வழக்கமாக இருந்தது. அதனினும் பெருங்குறை, திண்ணை எல்லார்க்கும் இடம் தரவில்லை என்பதே. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டுத் திரட்டிய விவரங்களின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அவர்களுள் பெண்கள் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. தீண்டாமைக்கு ஆளான மக்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையின் நிழலும் பெரும்பாலும் மறுக்கப்பட்டது. வயல்களில் உழைத்து விளைத்தவர்களின் பிள்ளைகளே, அந்நெல்லை அளக்கும் கணக்கை அறியாதிருந்தனர்.

கடல் கடந்து சென்ற முறை

சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் ஆதரவற்ற ஆண்பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்றவர் ஆண்ட்ரூ பெல். நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு, அதனைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கவும் செய்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வாயிலாக இது ‘மதராஸ் முறை’ எனப் பெயர் பெற்று இங்கிலாந்தில் பரவியது. ஆனால் அங்கே அது குறைந்த செலவில் பெருங்கூட்டத்தைப் பயிற்றும் கருவியாயிற்று. தனிப்பிள்ளையின் நடைக்கேற்பக் கற்பித்தல் என்னும் கூறு பின்னுக்குப் போயிற்று.

கதவு திறந்தது, நடை மாறியது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் கல்வியின் கதவு சிறிது சிறிதாகத் திறந்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் ஒடுக்கப்பட்டோருக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். விடுதலைக்குப் பின், காமராசர் ஆட்சியில் சிற்றூர்தோறும் பள்ளிகள் பெருகின; மதிய உணவுத் திட்டம் ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தது. இஃது ஈடிணையற்ற சாதனை. ஆயினும் வகுப்பு, பாடநூல், கால அட்டவணை, ஆண்டுத் தேர்வு என்னும் புதிய அமைப்பில் நாற்பது பிள்ளைகளும் ஒரே நடையில் செல்ல வேண்டியதாயிற்று. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளை, உள்ளே வந்தும் கணக்கில் வெளியே நின்றது.

இக்குறையை நீக்க எழுந்ததே செயல்வழிக் கற்றல். ஆந்திராவின் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியில் உருவான கற்றல் ஏணி முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் இது தொடங்கப்பட்டது. 2007இல் மாநிலம் முழுவதும் விரிந்தது. பாடம் சிறுசிறு படிகளாகவும் அட்டைகளாகவும் பகுக்கப்பட்டது. பிள்ளைகள் தரையில் குழுக்களாக அமர்ந்து, தாழ்ந்த கரும்பலகையில் தாமே எழுதிக் கற்றனர். விடுப்பு எடுத்த பிள்ளை, விட்ட படியிலிருந்தே தொடர முடிந்தது. அறுவடைக் காலத்தில் பெற்றோருடன் வேலைக்குச் சென்று திரும்பும் பிள்ளைக்கு இதனினும் பெரிய உதவி வேறில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2022 சூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது. இதில் ஒரே வகுப்பின் பிள்ளைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளில் பயிற்சிகள் அமைந்தன. அரும்பு மலரை விடத் தாழ்ந்ததன்று. அதுவும் ஒருநாள் மலர வேண்டியதே. பெயரிட்டோரின் நுண்ணுணர்வு பாராட்டத்தக்கது.

மறவாமல் காக்க வேண்டியது

நிலையறிந்து கற்பித்தலில் ஓர் இடரும் உண்டு. ஒரு பிள்ளையை அரும்பு நிலையில் அமர்த்திவிட்டு, ஆண்டு முழுவதும் அங்கேயே இருத்தினால், அந்நிலை அப்பிள்ளையின் மேல் குத்தப்பட்ட முத்திரையாகிவிடும். ‘இவனுக்கு இவ்வளவுதான் வரும்’ என்னும் எண்ணம் ஆசிரியர் மனத்தில் குடியேறினால், திண்ணையில் மூடிக்கிடந்த கதவு வகுப்பறைக்குள் மீண்டும் மூடிக்கொள்ளும். ஆதலால், தொடங்கும் இடம் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடலாம். சென்றடைய வேண்டிய இலக்கு அனைவர்க்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். நிலைகளை அடிக்கடி ஆய்ந்து, முன்னேறிய பிள்ளையை உடனே அடுத்த நிலைக்கு உயர்த்துதல் வேண்டும்.

இதற்கு முதல் தேவை, போதிய ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை இருவர் தாங்கும் பள்ளிகளில், தனிக்கவனம் எளிதில் கைகூடாது. அங்கே ஊராரும் அறக்கட்டளைகளும் துணைநிற்கலாம். மாலை வேளையில் ஓர் அறையும், விளக்கும், வாய்பாடு கேட்டுத் திருத்த அக்கா ஒருவரோ அண்ணன் ஒருவரோ இருந்தால் போதும்; பின்தங்கிய பிள்ளை தவறிய படியில் மீண்டும் கால் வைத்துவிடும்.