கையுயர்த்தலும் கைப்பேசியும்



"விளங்கிற்றா?" என்று ஆசிரியர் வினவுகிறார். முன் வரிசையில் நாலைந்து தலைகள் அசைகின்றன, ஏனையோர் வாளாவிருக்கின்றனர். அவ்வமைதியையே உடன்பாடு என்று கொண்டு பாடம் மேலே செல்கிறது. பள்ளி என்பது தோன்றிய நாள் தொட்டே இருந்துவரும் இடர்ப்பாடு இது. மாணாக்கர் தத்தம் கைப்பேசியின் வாயிலாக வகுப்பிலேயே விடைக்கு வாக்களிக்கும் இன்றைய முறை, அவ்விடர்ப்பாட்டுக்குக் கண்ட தீர்வுகளுள் அண்மையது, முதலாவதன்று.

1789-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூர் ஆண் அநாதைப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பயிலக் கண்டார். அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார்; மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குக் கற்பித்தார். 1797-இல் லண்டனில் அவர் இதனை நூலாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்று அது பெயர் பெற்றது. ஏறக்குறைய அதே காலத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் தொடங்கிய பள்ளிகளிலோ, "பலகையைக் காட்டுக" என்னும் ஆணை பிறந்ததும் சிறுவர் அனைவரும் எழுதிய பலகையை ஒருங்கே உயர்த்துவர். எல்லோரும் விடையளித்தல், ஒருவர்க்கொருவர் கற்பித்தல் என்னும் இரு கருத்துகளும் இங்ஙனம் முன்னரே முளைத்திருந்தன.

அவை இரண்டும் ஒரு பெரும் பல்கலைக்கழகத்தில் ஒன்றுகூடிய வரலாறு சுவையானது. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் எரிக் மசூர், தம் போதனை நன்றென்றே எண்ணியிருந்தார். அரிசோனாவில் ஹலூன், ஹெஸ்டனிஸ் என்னும் இருவர் 1985-இல் வெளியிட்ட ஆய்வினை 1990-இல் படித்த அவர், அத்தகைய தேர்வொன்றைத் தம் மாணாக்கர்க்கும் வைத்தார். கனத்த லாரியும் சிறிய காரும் மோதினால் எதன்மீது விசை மிகுதி என்பது போன்ற எளிய வினாக்களே அதில் இருந்தன. இரண்டின் மீதும் விசை சமமே என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. அவ்விதியை ஒப்பிக்க வல்லவர், கடினமான கணக்குகளையும் போட வல்லவர் பலர், இவ்வெளிய வினாக்களில் தடுமாறினர்.

மசூர் 1991-இல் போதனை முறையையே மாற்றினார். ஒரு வினா, ஒவ்வொருவரும் தனியே சிந்தித்து ஒரு விடைக்கு வாக்களித்தல், பின்னர் அருகிலிருப்பவருடன் வாதம், மீண்டும் வாக்கு. முதல் வாக்கில் சரியான விடை நூற்றுக்கு 30 முதல் 70 வரை இருப்பின், வாதத்தால் விளையும் பயன் மிகுதி என்று கண்டார். தெரிந்தவரைப் பார்த்துத் தெரியாதவர் விடையை மாற்றிக்கொள்கின்றனர், அவ்வளவே என்று ஐயுறலாம் அன்றோ? கொலராடோ பல்கலைக்கழகத்தார் அதனையும் ஆராய்ந்தனர். வாதத்திற்குப் பின், அதே கருத்தை வேறு வடிவில் வினவியபோதும் மாணாக்கர் தனித்தே நன்கு விடையளித்தனர் என்று 2009-இல் அவர்கள் வெளியிட்டனர்.

வாக்களிக்கும் கருவி மட்டும் காலந்தோறும் மாறி வந்தது. முதலில் கையுயர்த்தல், பிறகு எழுத்துப் பொறித்த அட்டைகள், அதன்பின் பொத்தான்கள் உள்ள கையடக்கக் கருவிகள். 2007-இல் தோன்றிய 'போல் எவ்ரிவேர்' என்னும் நிறுவனம், சாதாரணக் கைப்பேசியின் குறுஞ்செய்தியையே வாக்குச் சீட்டாக்கிற்று. தனிக் கருவி வாங்கும் செலவு இதனால் ஒழிந்தது.

கையுயர்த்தலில் ஒரு குறை உண்டு: பிறர் கையைப் பார்த்தே நம் கையும் எழும். கைப்பேசி வாக்கிலோ, யார் எவ்விடையைத் தெரிந்தார் என்பது வகுப்புக்குத் தெரியாது. மும்பையிலும் தில்லியிலும் வாழும் நம் குடும்பத்துச் சிறார், வேற்று மொழியில் வாய் திறந்தால் உச்சரிப்பை நகைப்பரோ என்று அஞ்சி, விடை தெரிந்தும் வாளாவிருத்தலை நாம் அறிவோம். அன்னார்க்கு இம்முறை ஓர் ஊன்றுகோல். எனினும் ஊன்றுகோலே நடையாகிவிடாது. அருகிருப்பவரோடு வாதிட அவர் வாய் திறக்கவே வேண்டும். ஒருவரிடம் பேசுதல் அறுபதின்மர் முன் பேசுதலினும் எளிது.

கைப்பேசி கவனத்தைச் சிதைக்கும் என்னும் அச்சமும் பொய்யன்று. ஏறத்தாழ நான்கில் ஒரு நாடு பள்ளிகளில் அதனைத் தடுத்துள்ளதென யுனெஸ்கோ அறிக்கை 2023-இல் கூறிற்று. கைப்பேசி இல்லாத மாணாக்கர் வாக்கின்றி நிற்றலும் தகாது. ஆங்கெல்லாம் நான்கு வண்ண அட்டைகளே போதும். ஆசிரியர் நல்ல வினா ஒன்றை ஆக்கி, வந்த விடைகளுக்கேற்பப் பாடத்தை மாற்றிக்கொள்ளவும் ஒருப்பட்டால், பலகையும் அட்டையும் கைப்பேசியும் ஒரே பணியையே செய்யும்.