வருவதற்கு முன்பே வென்ற செயலி: இட்டானியத்தின் வரலாறு

புதிய செயலி ஒன்று அறிவிக்கப்படும் போதெல்லாம் ஒரே கேள்வி எழுகிறது: விளம்பரம் சொல்வதை இது செய்து காட்டுமா? சில்லு சந்தைக்கு வந்து, சோதனைகள் நடந்து, எண்கள் வெளியான பிறகே இதற்கு விடை கிடைக்கும் என்பது பொதுவான எண்ணம். கணினி வரலாற்றில் ஒரு செயலி அந்த விடைக்காகக் காத்திருக்கவில்லை. சந்தைக்கு வருவதற்கு முன்பும் வந்த சில வாரங்களுக்குள்ளும் அது மூன்று போட்டிச் செயலிக் குடும்பங்களின் முடிவை உறுதி செய்துவிட்டது. அதன் பெயர் இட்டானியம். அது தோற்ற கதை பலருக்கும் தெரியும். தோற்பதற்கு முன் அது எவ்வாறு வென்றது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1994 ஜூன் மாதத்தில் இன்டெல், எச்.பி. ஆகிய இரு நிறுவனங்களும் புதியதொரு 64 பிட் செயலிக் கட்டமைப்பை இணைந்து உருவாக்கப்போவதாக அறிவித்தன. ஒவ்வொரு தலைமுறைக்கும் சொந்தமாக ஒரு செயலியை வடிவமைக்கும் செலவு எச்.பி.க்குச் சுமையாகி வந்தது. இன்டெலின் கணக்கு வேறு. அதன் எக்ஸ்86 கட்டமைப்பை ஏ.எம்.டி. போன்ற நிறுவனங்களும் உரிமத்துடன் தயாரித்து விற்றுக்கொண்டிருந்தன. புதிய கட்டமைப்பில் அத்தகைய பங்காளிகளுக்கு இடமில்லை. ஐ.ஏ.64 எனப் பெயர் பெற்ற அத்திட்டத்தின் முதல் சில்லு 1998இல் வெளிவரும் என்று எதிர்பார்க்கப்பட்டது.

இத்திட்டத்தின் கருத்து வேர்களில் ஒன்று சென்னையோடு தொடர்புடையது. 1972இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்று ஸ்டான்ஃபோர்டில் முனைவரான பி. ராமகிருஷ்ண ராவ் 1984இல் சைட்ரோம் என்னும் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவர். ஒரே நேரத்தில் பல ஆணைகளை இயக்கும் கணினியை உருவாக்க வேண்டும். எந்த ஆணை எப்போது இயங்குவது என்பதை வன்பொருள் தீர்மானிக்கக் கூடாது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அதை முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும் என்பது அவருடைய வழி. ஏறத்தாழ அதே காலத்தில் ஜோசப் ஃபிஷர் என்பவரும் மல்டிஃப்ளோ நிறுவனத்தில் இதே திசையில் உழைத்தார். சைட்ரோம் 1988இலும் மல்டிஃப்ளோ 1990இலும் மூடப்பட்டன. இருவரும் எச்.பி. ஆய்வகத்தில் சேர்ந்தனர். சைட்ரோம் கணினியில் இருந்த சில நுட்பங்கள் ஐ.ஏ.64 கட்டமைப்புக்குள் அப்படியே இடம்பெற்றன. வணிகத்தில் இருமுறை தோற்ற ஒரு கருத்து மூன்றாம் முறை உலகின் மிகப்பெரிய சில்லு நிறுவனத்தின் தோளில் ஏறி வந்தது என்று இதைச் சொல்லலாம். தோற்ற கருத்து தவறான கருத்து ஆகிவிடாது. ஆயினும் அது ஏன் தோற்றது என்ற கேள்வி 1994இன் ஆரவாரத்தில் உரக்கக் கேட்கப்படவில்லை.

கருத்தின் உள்ளடக்கத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும். வழக்கமான செயலியில் ஆணைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எவை ஒன்றையொன்று சாராதவை, எவற்றைச் சேர்த்து இயக்கலாம் என்பதை நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே செயலி கண்டறிகிறது. இதற்குச் சிக்கலான மின்சுற்றுகள் தேவை. ஐ.ஏ.64 இச்சுமையைக் கம்பைலரிடம் ஒப்படைத்தது. தலா 41 பிட் நீளமுள்ள மூன்று ஆணைகள், அவற்றை எவ்வாறு இயக்குவது என்று குறிக்கும் 5 பிட் என, 128 பிட் கொண்ட மூட்டையாக ஆணைகள் கட்டப்பட்டன. பொதுப் பதிவகங்கள் 128 இருந்தன. கட்டுகிற வேலையைக் கம்பைலர் செய்துவிடுவதால் வன்பொருள் எளிமையாகவும் வேகமாகவும் இருக்கும் என்பது வாதம்.

வாதத்தின் ஓட்டை நினைவகத்தில் இருந்தது. ஒரு வங்கியின் நிரல் வாடிக்கையாளர் பதிவேடுகளை ஒவ்வொன்றாகத் தேடிச் செல்கிறது என்று கொள்வோம். அடுத்த பதிவு செயலிக்கு அருகிலுள்ள கேஷ் நினைவகத்தில் இருந்தால் சில சுற்றுகளில் கைக்கு வரும். முதன்மை நினைவகத்தில் இருந்தால் நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஆகலாம். எங்கே இருக்கும் என்பது நிரல் எழுதப்பட்ட அன்றோ கம்பைல் செய்யப்பட்ட அன்றோ யாருக்கும் தெரியாது. ஓடும்போதுதான் தெரியும். முதல் நாள் இரவே வகுத்த கால அட்டவணைக்கும், எந்த வண்டி தாமதம் என்று பார்த்து நடைமேடையை மாற்றும் நிலைய அதிகாரிக்கும் உள்ள வேறுபாடு இங்கே பொருந்தும். இட்டானியத்தில் அட்டவணை மிக நுட்பமானது. நிலைய அதிகாரிக்குத்தான் அதிகாரம் இல்லை.

எனவே கணக்கின் போக்கு முன்கூட்டியே தெரிகிற இடங்களில் இச்செயலி உண்மையிலேயே நன்றாக இயங்கியது. பெரிய அணிகளைப் பெருக்குவது, ஒரே சுழற்சியை இலட்சக்கணக்கான முறை ஓட்டுவது போன்ற அறிவியல் கணக்கீடுகள் அத்தகையவை. 2004இல் நாசா நிறுவிய கொலம்பியா மீக்கணினியில் 10,240 இட்டானியம் 2 செயலிகள் இருந்தன. அவ்வாண்டு நவம்பரில் வெளியான உலகத் தரவரிசையில் அது இரண்டாம் இடம் பெற்றது. இதைச் சொல்லாமல் இட்டானியத்தை வெறும் கேலிப்பொருளாக்குவது நேர்மையாகாது. ஆனால் அது விற்கப்பட்டது அறிவியல் ஆய்வகங்களுக்கு மட்டுமன்று. வங்கி, தொலைத்தொடர்பு, முன்பதிவு, தரவுத்தளம் என அனைத்துக்கும் இதுவே வருங்காலம் என்று சொல்லி விற்கப்பட்டது. அந்தத் துறைகளின் நிரல்களோ பதிவேட்டைத் தேடும் நிரல்கள்.

இன்னொரு செய்தி, திட்டம் தொடங்கிய மறு ஆண்டிலேயே தெரிந்திருக்க வேண்டியது. ஓடும்போதே ஆணைகளை மாற்றி வரிசைப்படுத்தும் மின்சுற்று இனித் தாங்க முடியாத சிக்கலாகிவிடும் என்பது ஐ.ஏ.64இன் அடிப்படை ஊகம். 1995 நவம்பரில் இன்டெலே வெளியிட்ட பென்டியம் ப்ரோ, பழைய எக்ஸ்86 ஆணைகளை வைத்துக்கொண்டே அந்த வேலையைச் செய்து காட்டியது. ஊகத்தை மறுத்த சான்று அதே நிறுவனத்தின் இன்னொரு கட்டடத்திலிருந்து வந்தது.

இருந்தும் அறிவிப்பின் செல்வாக்கு குறையவில்லை. ஐ.ஏ.64 கணினிகளின் விற்பனை 2001ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கு 3,800 கோடி டாலரை எட்டும் என்று ஐ.டி.சி. ஆய்வு நிறுவனம் கணித்தது. அத்தகைய எண்ணைப் பார்க்கிற போட்டி நிறுவனத்தின் இயக்குநர் குழு என்ன செய்யும்? சொந்தச் செயலியில் பணம் போடுவதை வீண் என்று முடிவு செய்யும். எம்.ஐ.பி.எஸ். செயலிகளை வைத்துத் தன் கணினிகளை உருவாக்கிவந்த எஸ்.ஜி.ஐ. நிறுவனம் 1998இல் ஐ.ஏ.64க்கு மாறும் திட்டத்தை அறிவித்தது. எச்.பி. தன் சொந்த பி.ஏ.ரிஸ்க் குடும்பத்துக்கு முடிவு குறித்திருந்தது. மிகவும் வருந்தத்தக்கது ஆல்ஃபாவின் முடிவு. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1992இல் வெளியிட்ட ஆல்ஃபா, தொடக்கம் முதலே 64 பிட் செயலி. தன் காலத்தின் மிக வேகமான செயலிகளுள் ஒன்று. 1998இல் அந்நிறுவனத்தை வாங்கிய காம்பேக், 2001 ஜூனில் ஆல்ஃபாவைக் கைவிட்டு இட்டானியத்துக்கு மாறுவதாக அறிவித்தது. ஆல்ஃபா பொறியாளர்கள் பலர் இன்டெலுக்கு மாறினர்.

அந்த ஜூன் மாதத்தில் இட்டானியம் சந்தைக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. 1998 என்று குறித்த நாள் 1999 ஆகி, 2000 ஆகி, கடைசியில் 2001 மே இறுதியில் முதல் சில்லு வெளியானது. 733, 800 மெகாஹெர்ட்ஸ் வேகங்களில் வந்த அது, பழைய எக்ஸ்86 நிரல்களை இயக்குவதில் பெரிதும் பின்தங்கியிருந்தது. சில ஆயிரம் கணினிகளே விற்றன. உலகம் இதை எதிர்பார்த்திருந்தது என்றும் சொல்லலாம்: 1999 அக்டோபரில் 'இட்டானியம்' என்ற பெயர் அறிவிக்கப்பட்ட சில மணி நேரத்திலேயே, மூழ்கிய கப்பலின் பெயரோடு ஒலி ஒப்புமை வைத்து 'இட்டானிக்' என்ற வசைப்பெயர் பிறந்துவிட்டது. ஒரு பெயரும் அதன் பகடியும் ஒரே நாளில் பிறப்பது சொல்வரலாற்றில் அரிது. மேலாளர்கள் நம்பிய நாளிலேயே பொறியாளர்கள் ஐயுற்றிருக்கின்றனர். முடிவெடுக்கும் அதிகாரம் மேலாளர்களிடம் இருந்தது.

2002இல் வந்த இட்டானியம் 2 பல குறைகளைக் களைந்தது. ஆனால் 2003 ஏப்ரலில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஆப்டரான் வெளியானது. பழைய எக்ஸ்86 ஆணைகளை அப்படியே ஏற்று, அவற்றை 64 பிட்டுக்கு நீட்டித்தது அது. புதிய உலகம் எதையும் அது வாக்களிக்கவில்லை. வாங்கியவரின் பழைய நிரல் ஓடியது. புதிய நிரலும் ஓடியது. 2004 பிப்ரவரியில் இன்டெலே அந்த நீட்டிப்பை ஏற்பதாக அறிவித்தது. எதை ஒழித்துவிட்டுத் தனியுரிமை பெற நினைத்ததோ அதனிடமே திரும்பி வந்தது என்று பொருள். 2008இல் டொனால்டு கனூத் ஒரு நேர்காணலில், இட்டானியம் எதிர்பார்த்த கம்பைலர்களை எழுதுவது ஏறத்தாழ இயலாத செயலாக இருந்தது என்ற கருத்தைக் கூறினார். விளம்பரம் முழுவதும் வன்பொருளைப் பற்றியதாக இருந்தது. வாக்குறுதியின் பாதி, இன்னும் எழுதப்படாத ஒரு மென்பொருளில் இருந்தது.

இதற்குப் பிந்தைய வரலாறு நீதிமன்ற ஆவணங்களில் உள்ளது. 2011 மார்ச்சில் ஆரக்கிள் நிறுவனம் இட்டானியத்துக்கான மென்பொருள் உருவாக்கத்தை நிறுத்துவதாக அறிவிக்க, எச்.பி. வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கில் வெளிவந்த ஆவணங்கள், செயலியைத் தொடர்ந்து உருவாக்குவதற்காக எச்.பி. இன்டெலுக்கு 2008 ஒப்பந்தத்தில் சுமார் 44 கோடி டாலரும், 2010 ஒப்பந்தத்தில் 25 கோடி டாலரும் தர இசைந்திருந்ததைக் காட்டின. வெளியே வளரும் தொழில்நுட்பம் என்று விற்கப்பட்டது, உள்ளே வாடிக்கையாளரின் பணத்தில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

ஏன் இவ்வளவு பணம்? விட்டுப்போக வழியில்லாத வாடிக்கையாளர்கள் இருந்தனர் என்பதே விடை. அவர்களுள் ஒரு பிரிவினர் வி.எம்.எஸ். இயங்குதளத்தை நம்பியிருந்தவர்கள். டிஜிட்டல் நிறுவனம் தன் வாக்ஸ் கணினிகளுக்காக உருவாக்கிய அவ்வியங்குதளம் பின்னர் ஓப்பன் வி.எம்.எஸ். என்ற பெயரில் ஆல்ஃபாவுக்கு மாறியது. நின்றுபோகாமல் ஆண்டுக்கணக்கில் ஓடுவதில் பேர்பெற்றது. ஆல்ஃபா கைவிடப்பட்டதும் அதற்கு இருந்த ஒரே வழி இட்டானியம். எக்ஸ்86 கணினிகளில் இயங்கும் பதிப்பு, வேறொரு நிறுவனத்தின் முயற்சியால், 2022இல்தான் முறையாக வெளியானது. தரத்தைப் பார்த்து இட்டானியத்தைத் தேர்ந்தவர்கள் அல்லர் இவர்கள். மற்ற கதவுகள், அச்செயலி பிறப்பதற்கு முன்பே அதன் பெயரால் சாத்தப்பட்டிருந்தன.

அந்த வாடிக்கையாளர்களுள் இந்திய இரயில்வேயும் ஒன்று. பயணிகள் முன்பதிவு அமைப்பின் இன்றைய வடிவம் 2010இல் நிறுவப்பட்டது என்றும், அது இட்டானியம் சர்வர்களிலும் ஓப்பன் வி.எம்.எஸ். இயங்குதளத்திலும் இயங்குகிறது என்றும் இரயில்வே அமைச்சகமே 2025இல் தெரிவித்தது. 2010 என்பது ஆப்டரான் வந்து ஏழாண்டு கழிந்த காலம், எச்.பி.யும் இன்டெலும் இரண்டாம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஆண்டு. செயலியின் உயிர் அத்தகைய ஒப்பந்தத்தில் தொங்குகிறது என்பது அப்போது வாங்குவோர் எவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. ஆவணங்கள் 2012இல்தான் வெளிவந்தன.

அமைப்பு வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 25,000 பயணச்சீட்டுகளைப் பதிவு செய்யும் திறன் அதற்கு உண்டு. கோடிக்கணக்கானோர் அதை நம்பிப் பயணம் செய்திருக்கின்றனர். இதில் செயலியின் பங்கை விட, அதன் மேல் பொறுமையாக மென்பொருளைக் கட்டி, பராமரித்துவந்த பொறியாளர்களின் பங்கே பெரிது. நான்கு மடங்குத் திறனுடன் புதிய அமைப்பு உருவாக்கப்படுகிறது.

இட்டானியத்தின் கடைசித் தலைமுறை 2017இல் வந்தது. 2021 ஜூலை 29க்குப் பிறகு இன்டெல் அதை அனுப்பவில்லை. 2024 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 6.7 பதிப்பிலிருந்து அதற்கான ஆதரவு நீக்கப்பட்டது. ராமகிருஷ்ண ராவ் இவற்றைக் காணவில்லை. கணினிக் கட்டமைப்புத் துறையின் உயரிய எக்கர்ட்-மாக்லி விருது பெற்ற 2002ஆம் ஆண்டின் டிசம்பரிலேயே அவர் மறைந்தார். சுழற்சிகளை முன்கூட்டியே அடுக்கும் அவருடைய முறை இன்றைய கம்பைலர்களில் வாழ்கிறது. கம்பைலர் மூட்டை கட்டித் தரும் ஆணைகளை இயக்கும் செயலி வகையும் அழியவில்லை. குவால்காமின் ஹெக்சகன் அவ்வகையைச் சேர்ந்தது. கைபேசிகளில் ஒலியையும் படத்தையும் கையாளுகிறது. அந்தப் பணிகளில் அடுத்து எந்தத் தரவு வரும் என்பது பெரும்பாலும் முன்பே தெரிந்துவிடுகிறது.

இப்போது செயற்கை நுண்ணறிவுக்கான சில்லுகள் நொடிக்கு இத்தனை இலட்சம் கோடிக் கணக்குகள் என்ற எண்ணோடு அறிவிக்கப்படுகின்றன. அந்த எண் எல்லாப் பகுதிகளும் ஒருகணமும் காத்திராமல் இயங்கும்போது எட்டக்கூடிய உச்சம். தரவு நினைவகத்திலிருந்து எவ்வளவு நேரத்தில் வருகிறது, அந்த உச்சத்தை எட்டச் செய்யும் மென்பொருளை யார் எழுதி முடித்திருக்கின்றனர் என்ற விவரங்கள் அறிவிப்பு மேடைகளில் அரிதாகவே சொல்லப்படுகின்றன. நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் அடுத்த பத்தாண்டுக்கான கொள்முதலை இந்த எண்களைப் பார்த்தே திட்டமிட்டுக்கொண்டிருக்கின்றன.