பெங்களூருக் கால்பந்துக் கதை – 11: தடுப்பாட்டக்காரர் கட்டிய அணி

வைட்ஃபீல்டில் இன்று பர்ப்பிள் லைன் மெட்ரோ ஏறினால் கப்பன் பார்க்கில் இறங்கி, கண்டீரவா ஸ்டேடியத்துக்கு நடந்தே போய்விடலாம். பத்தாண்டுகளுக்கு முன் அந்த வசதி கிடையாது. ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நெரிசலைத் தாண்டித்தான் ஆட்டம் பார்க்க வேண்டும். அப்படியும் பெங்களூரு எஃப்.சி. ரசிகர்களின் நீலச் சட்டைகள் அரங்கின் வெஸ்ட் பிளாக்கை நிறைத்தன. அதற்குக் காரணமானவர்களில் ஒருவர் ஆஷ்லி வெஸ்ட்வுட்.

1976இல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்நார்த்தில் பிறந்தவர். மான்செஸ்டர் யுனைடெட் இளையோர் அணியோடு 1995இல் எஃப்.ஏ. யூத் கப் வென்றார். ஆனால் அங்கே சீனியர் அணியில் இடம் கிடைக்கவில்லை. க்ரூ அலெக்ஸாண்ட்ராவுக்குப் போனார். 1999இல் பிராட்ஃபோர்டு சிட்டி பிரீமியர் லீக்குக்கு ஏறியபோது அதன் தடுப்பு வரிசையில் இருந்தார். பிறகு ஷெஃபீல்டு வென்ஸ்டே, நார்த்தாம்ப்டன், ரெக்ஸம் என்று கிளப் மாறி மாறி, பெரும்பாலும் கீழ் டிவிஷன்களில் ஆடினார். ஆட்டத்தை விட்டதும் மைக்கேல் ஆப்பிள்டனுக்குத் துணைப் பயிற்சியாளர்.

இந்தச் சாதாரண வாழ்க்கைதான் பெங்களூருக்கு வரமானது என்பேன். மேதைமை இல்லாத தடுப்பாட்டக்காரன் கீழ் டிவிஷனில் பிழைக்க உடல்தகுதி வேண்டும், கட்டுப்பாடு வேண்டும், எதிரணியை முன்கூட்டியே படித்திருக்க வேண்டும். 2013 ஜூலையில் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம் தொடங்கிய பெங்களூரு எஃப்.சி.க்கு, அதன் முதல் பயிற்சியாளராக அவர் கொண்டுவந்தது இதைத்தான். வீரர்களின் சாப்பாட்டுத் தட்டுவரை அவர் கண் போனது. தம் உணவுப் பழக்கம் மாறியதற்கு அணித் தலைவர் சுனில் சேத்ரி அவரையே காரணமாகச் சொல்லியிருக்கிறார்.

பலன் முதல் சீசனிலேயே வந்தது. 2014 ஏப்ரல் 21, கோவாவின் ஃபடோர்டா மைதானம். டெம்போவை அதன் ஊரிலேயே 4–2 என வென்று, பிறந்து ஓராண்டுகூட ஆகாத கிளப் ஐ-லீக் சாம்பியன் ஆனது. அடுத்த ஜனவரியில் அதே டெம்போவை அதே மைதானத்தில் வென்று ஃபெடரேஷன் கப்.

2015 மே 31ஐ இந்நகரத்து ரசிகர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். கண்டீரவாவில் மோகன் பகானுடன் ஐ-லீக்கின் கடைசி ஆட்டம். வென்றால் பெங்களூருக்குக் கோப்பை. டிரா என்றால் பகானுக்கு. இங்கிலாந்துத் தடுப்பாட்டக்காரர் ஜான் ஜான்சன் முதல் பாதியிலேயே கோல் போட்டார். கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, 87வது நிமிடத்தில் பெல்லோ ரசாக் தலையால் முட்டி 1–1 ஆக்கினார். அரங்கமே உறைந்தது. அணி உடைந்துபோகவில்லை, மறு ஆண்டே கோப்பையை மீட்டது. 2016இல் வெஸ்ட்வுட் விடைபெற்றார்.

பினாங்கு, ஏ.டி.கே., பஞ்சாப் எனச் சுற்றியவர், பிறகு ஆப்கானிஸ்தான் பயிற்சியாளராக 2024 மார்ச்சில் குவாஹாட்டி வந்தார். சேத்ரியின் 150வது சர்வதேச ஆட்டம் அது. சேத்ரி கோல் அடித்தும் இந்தியா 1–2 எனத் தோற்றது. 2025 ஜூனில் அவருடைய ஹாங்காங் அணியிடம் 0–1.

இந்திய வீரர்களை இவ்வளவு நெருக்கமாக அறிந்த ஒருவரை நம் தேசிய அணி தலைமைப் பயிற்சியாளராக ஒருமுறைகூட அமர்த்தவில்லை. இந்தியக் கால்பந்துக்கு அது பெரிய இழப்பு.