தகவமை முடிவுறு கூறு முறை: நிலத்தடி மின்காந்த அளவீடுகளில்

நிலத்தடியில் மின்காந்தப் புலம் பரவும் விதத்தைக் கணினியில் தீர்க்கும்போது, பிழை மிகுந்த இடங்களைக் கணிப்பே இனங்கண்டு அங்கு மட்டும் கணிப்பு வலையை நுணுக்கிக்கொள்ளும் எண்சார் முறை. பரப்பைச் சிறு முக்கோணங்களாகவோ நான்முகிகளாகவோ பிரித்து, ஒவ்வொன்றிலும் மாக்சுவெல் சமன்பாடுகளைத் தோராயமாகத் தீர்ப்பது முடிவுறு கூறு முறை. எந்தக் கூறு எவ்வளவு சிறிதாக இருக்கவேண்டும் என்பதை மனிதர் கண்மதிப்பில் விடாததே 'தகவமை' என்ற அடைமொழியின் பொருள்.

இதன் தேவையை உணரத் திருகோணமலையைவிடப் பொருத்தமான இடம் இலங்கையில் அரிது. கோணேசர் கோயில் நிற்கும் பாறைக்குக் கீழே கடல். மகாவலி கலக்கும் கொட்டியாரக்குடாவிலிருந்து ஆழ்கடலை நோக்கி இறங்குகிறது ஒரு பெரும் கடலடிப் பள்ளத்தாக்கு. கடல்நீரின் தடைத்திறன் சுமார் 0.3 ஓம்-மீற்றர், உள்நிலத்துப் பழம் உருமாறிய பாறைகளில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். அலை ஊடுருவும் ஆழம் மீற்றரில், தடைத்திறனை அதிர்வெண்ணால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து 503ஆல் பெருக்கக் கிடைப்பது. 1 ஹேர்ட்ஸில் கடல்நீருக்கு அது ஏறத்தாழ 275 மீற்றர். 1000 ஓம்-மீற்றர் பாறைக்கோ 16 கிலோமீற்றர்.

நகருக்கு வடமேற்கே உள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் கடலிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில்தான் இருக்கின்றன. ஆகவே அங்கு 1 ஹேர்ட்ஸில் அளக்கும் கருவி, கிணற்றடிப் பாறையோடு கடலையும் சேர்த்தே அளக்கும். சூடான உவர்நீர் நிறைந்த பாறைவெடிப்பும் குறைந்த தடைத்திறன் உடையது, கடலும் அப்படியே. கடலின் பங்கைத் தவறாகக் கணித்தால், இல்லாத வெந்நீர்த் தேக்கம் ஒன்று படத்தில் முளைத்துவிடும். புவிவெப்பம் தேடித் துளையிடும் செலவு அந்தப் படத்தை நம்பியே நடக்கிறது.

சீரான வலையால் இதைச் சமாளிக்க இயலாது. 100 கிலோமீற்றர் பக்கமுள்ள கனத்தை 50 மீற்றர் கூறுகளாக வெட்டினால் 800 கோடிக் கூறுகள் வரும். தகவமை முறை பருமனான வலையில் தொடங்கும். தீர்வு கண்டு, கூறுதோறும் பிழையை மதிப்பிட்டு, மோசமானவற்றைப் பிளந்து மீண்டும் தீர்க்கும். இதில் மிக அழகான யோசனை 'இலக்குநோக்கு' மதிப்பீடு. அளக்கும் கருவியையே மூலமாக வைத்து இணைச் சிக்கல் ஒன்றையும் தீர்ப்பார்கள். எந்த இடத்துப் பிழை கருவியின் வாசிப்பைப் பாதிக்கிறது என்பதை அத்தீர்வு காட்டும். கரையோரப் பள்ளத்தாக்கின் சரிவில் வலை நுணுகும். தூர ஆழ்கடலில் பருமனாகவே நிற்கும்.

பிழையைத் தீர்வுக்குப் பின் மதிப்பிடும் கோட்பாட்டை பபுஷ்காவும் ரைன்போல்ட்டும் 1978இல் அமைத்தனர். பாறை எல்லைக்குச் செங்குத்தான மின்புலப் பகுதி தாவுவதை முறையாகக் கையாளும் விளிம்புக் கூறுகளை நெடெலெக் 1980இல் தந்தார். மக்னெட்டோடெல்லூரிக் எனப்படும், இயற்கைப் புலங்களைக் கொண்டு அளக்கும் முறைக்கு இருபரிமாணத்தில் கெர்ரி கீ, செஸ்டர் வைஸ் இருவரும் 2006இல் தகவமை முறையைச் செயற்படுத்திக் காட்டினர். எண்ணெய்க் கிணற்றுத் துளை அளவீடுகளுக்கு டெம்கோவிச், பார்தோ ஆகியோர், கூறின் அளவோடு அதில் தீர்வைத் தோராயப்படுத்தும் பல்லுறுப்புக்கோவையின் படியையும் மாற்றும் வகையை வளர்த்தனர்.

வலை எவ்வளவு நுணுகினாலும் எண்சார் பிழையே குறையும். கடலடி ஆழத்தைத் தவறாகக் கொடுத்தால் தவறான கடலுக்கான துல்லியமான விடையே கிடைக்கும். தென்னிந்தியா, இலங்கை வட்டாரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: பகலில் அயனமண்டலத்தில் ஓடும் நடுக்கோட்டு மின்தாரை, மூல அலை தளவடிவானது என்ற மக்னெட்டோடெல்லூரிக் முறையின் எடுகோளைக் குலைக்கிறது. நீண்ட அலைவுகாலங்களில் இதன் தாக்கம் கூடுதல் என்பதால், இரவுநேரப் பதிவுகளுக்கு இங்கு தனி மதிப்பு உண்டு.