கட்டிய வீட்டின் மீது கூலிக்கு உரிமை

அமெரிக்காவில் வீடு கட்டிய கொத்தனாருக்கோ தச்சருக்கோ கூலி பாக்கி நின்றால், அந்த வீட்டின் மீதும் அது நிற்கும் மனையின் மீதும் அவர் உரிமை கோரிப் பதிவு செய்யலாம். ‘மெக்கானிக்ஸ் லீன்’ எனப்படும் இந்தப் பற்றுரிமை பதிவானதும் சொத்தின் மேல் வில்லங்கம் ஏறிவிடும். பாக்கியைத் தீர்க்காமல் விற்பதும் அடமானம் வைப்பதும் உரிமையாளருக்குக் கடினம்.

இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில் இதற்கு இடமில்லை. பழுதுபார்க்க வந்த வண்டியைக் கூலி கைக்கு வரும்வரை பட்டறைக்காரர் தம்மிடமே நிறுத்திக்கொள்ளலாம். சுவரில் ஏறிய செங்கல்லோ மனையோடு சேர்ந்து மனைக்காரரின் உடைமையாகிவிடும். கொத்தனார் பிடித்துவைக்க எதுவும் மிஞ்சாது.

அமெரிக்காவிலும் தொடர்ந்த இந்தக் குறையை முதலில் தீர்த்தது மேரிலாந்து மாநிலம். போடோமாக் ஆற்றங்கரையில் 1800க்குள் நாட்டின் புதிய தலைநகர் எழ வேண்டும் என்று 1790இல் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. வயலும் காடுமாகக் கிடந்த இடத்தில், பணம் வருமென்ற உறுதியில்லாமல் எந்த மேஸ்திரியும் துணிந்து வேலை எடுக்கமாட்டார். 1791 செப்டம்பரில் நகர ஆணையர்கள் கூடி, கட்டுவோருக்குப் பற்றுரிமை கேட்டு மாநில சட்டமன்றத்துக்கு மனுச் செய்ய முடிவெடுத்தனர். தாமஸ் ஜெஃபர்சனும் ஜேம்ஸ் மேடிசனும் அந்தக் கூட்டத்தில் இருந்தனர். டிசம்பரில் சட்டம் நிறைவேறியது. அதன்படி, எழுத்து ஒப்பந்தம் பதிவாகியிருந்தால், வேலை முடிந்து 2 ஆண்டுகளுக்குள் அடமானக் கடனைப் போலவே பாக்கியை வசூலிக்கலாம்.

தொழிலாளர் மீதான பரிவைவிட, நகரம் எழ வேண்டும் என்ற அவசரமே இச்சட்டத்தைப் பெற்றெடுத்தது. அதே நகரின் அரசுக் கட்டடங்களில் உழைத்த கறுப்பின அடிமைகளின் கூலி அவர்களின் எசமானர்களுக்குப் போனது. கட்டுவோரின் கூலியைக் காத்த சட்டத்தின் நிழலிலேயே இந்த அநீதியும் நடந்தது என்பதை மறக்கலாகாது.

1803இல் பென்சில்வேனியா பிலடெல்பியா பகுதிக்கு இத்தகைய சட்டம் இயற்றியது. பிற மாநிலங்களும் தொடர்ந்தன. கலிபோர்னியா 1879ஆம் ஆண்டு அரசமைப்பிலேயே இவ்வுரிமையை எழுதிவைத்தது. கைவினைஞர், கூலியாள், பொருள் தருபவர் எல்லோரும் அதில் அடங்குவர்.

சிக்கல் எழுந்தது, தலைமை ஒப்பந்தக்காரரிடம் வேலை எடுக்கும் உள் ஒப்பந்தக்காரர்களின் விஷயத்தில். வீட்டுக்காரர் முழுப் பணத்தையும் தலைமை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டார். அவரோ மரக்கடைக்கும் தச்சருக்கும் தராமல் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். இழப்பு யாருடையது? நியூயார்க் முறையில், வீட்டுக்காரர் இன்னும் தரவேண்டிய தொகை வரைதான் உள் ஒப்பந்தக்காரர் கோரலாம். பென்சில்வேனியா முறையில் அவருக்கு நேரடி உரிமை உண்டு. வீட்டுக்காரர் இரண்டாம் முறை பணம் கட்ட நேரலாம். இதைத் தவிர்க்கவே முன்னறிவிப்புக் கடிதமும், பணம் பெற்றதும் உரிமையை விட்டுக்கொடுக்கும் சீட்டும் வழக்கத்துக்கு வந்தன.

அரசுச் சொத்தின் மீது பற்றுரிமை செல்லாது. கூட்டரசுப் பணிகளில் உழைத்தவர்களுக்காக 1894இல் ஹெர்ட் சட்டமும், அதற்கு மாற்றாக 1935இல் மில்லர் சட்டமும் வந்தன. தலைமை ஒப்பந்தக்காரர் முன்கூட்டியே ஜாமீன் பத்திரம் தரவேண்டும். பாக்கி நின்றால் கட்டடத்துக்குப் பதில் அந்தப் பத்திரத்தின் மீது வழக்குத் தொடுக்கலாம்.